வளைவில் ஃபீட்: கேட்டதும் சொன்னதும்

மதுரை கப்பலூர் பக்கம் விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற மில்லிங் மெஷின்) ஓட்டுற தம்பிமார், ஃபீட், அதாவது டூல் நகர்ற வேகம் பத்திக் கேட்டதும், நான் சொன்னதும்.

அண்ணே, பாக்கெட் (உள்ள குடையுற பள்ளம்) மூலை ரேடியஸ் 10 மி.மீ. டூல் 16 டயா, நாலு பல் எண்ட்மில், 2500 ஆர்பிஎம், எஃப்500 (ஃபீட் நிமிஷத்துக்கு 500 மி.மீ.). நேர்ல பளபளன்னு வருது. மூலைக்கு வந்தா கிரீச்னு கத்துது, வரி விழுது. ஓவர்ரைடை (ஃபீடைக் குறைக்கிற குமிழ்) 40 சதவீதத்துல வச்சுத்தான் ஓட்டுறேன்.

நாலு மூலைக்காக மொத்த ஜாபையும் 40-ல ஓட்டுனா டெலிவரி என்னத்துக்கு ஆகும்? மாசி வீதி முக்குல தேர் திரும்புறப்பத்தான் முட்டுக்கட்டை. நேர் வீதியில இல்லையே.

எஃப்500-ங்கிறது டூலோட சென்டர் போற வேகம். நேர்ல சென்டரும் வெட்டுற ஓரமும் ஒண்ணாப் போகும். மூலையில சென்டர் சுத்துறது 10-ல டூல் ரேடியஸ் 8 போக வெறும் 2 மி.மீ. ரேடியஸ்ல. ஓரம் 10 மி.மீ. ரேடியஸ்ல ஓடணும். அப்ப சுவர்ல 500 இல்ல, 2500! பல்லுக்கு 0.05 எடுக்க வேண்டியது 0.25-ன்னு கடிக்குது. போதாததுக்கு, மூலையில டூல் சுவரைக் கட்டிப்பிடிக்கிற அளவும் கூடும். கத்தாம என்ன செய்யும்?

புரோகிராம்ல அந்த ஆர்க் (வளைவு) வரியில மட்டும் எஃப்100 போடுங்க (500 × 2 ÷ 10). 12 டயா டூல் போட்டா அதே கணக்குல 200 வரும். நான்னா அதைத்தான் போடுவேன். ஜி41-ல (டூல் ரேடியஸைக் கன்ட்ரோலரே கணக்குல எடுத்துக்கிற கட்டளை) ஓட்டுறவங்க, மூலையில ஃபீடைத் தானாக் குறைக்க, ஃபேனக் கன்ட்ரோலர்ல ஆப்ஷன் இருந்தா ஜி62, சீமென்ஸ்ல சிஎஃப்சி போட்டுப் பாருங்க. வெளி வளைவுல கணக்கு தலைகீழ்: அதே 16 டயாவுக்கு 900 வரை ஏத்தலாம்னு வரும். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

மூலை ரேடியஸும் டூல் ரேடியஸும் ஒண்ணா மட்டும் வைக்காதீங்க. ஆர்5 மூலையில 10 டயாவை விட்டு, பி20 (மோல்டு ஸ்டீல்) கட்டைக்குள்ள முனை முறிஞ்சு சிக்கி, ஈடிஎம்-ல (மின்பொறியால அரிக்கிற மெஷின்) எரிச்சு எடுத்தவன் நான்.

ரப்பர் மோல்டு, 10 டயா பால்நோஸ் (உருண்டை முனை டூல்), 0.2 மி.மீ. ஆழம். சரிவுல நல்லா வருது, தட்டையான இடத்துல தேய்ச்ச மாதிரி இருக்கு.

தேய்க்கத்தான் செய்யுது. 0.2 ஆழத்துல அந்த உருண்டை வெட்டுற டயா வெறும் 2.8 மி.மீ. நீங்க 10-க்கு ஆர்பிஎம் கணக்குப் போட்டிருப்பீங்க. ஆர்பிஎம்மை ஏத்துங்க, கூடவே ஃபீடையும்.

பழைய மெஷின், டிஎன்சி (கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா புரோகிராமை வரிவரியா அனுப்புறது), 9600 பாட் வேகம். எஃப்1500 கொடுத்தாலும் வளைவுல திக்கித் திக்கித்தான் போகுது. சர்வோ (ஆக்சிஸை நகர்த்துற மோட்டார்) கோளாறா சார்?

சர்வோக்காரரைக் கூப்பிட்டுக் காசைக் கரைக்காதீங்க. 9600-ல செகண்டுக்கு வர்றது ஏறக்குறைய 960 எழுத்து. வரிக்கு 24 எழுத்துன்னா 40 வரி. வரிக்கு 0.1 மி.மீ. நகர்ந்தா நிமிஷத்துக்கு 240 மி.மீ.தான். ஸ்கிரீன்ல ஆக்சுவல் ஃபீடைப் பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான் நிக்கும். கேம்-ல (புரோகிராம் எழுதித் தர்ற சாஃப்ட்வேர்) டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்தி, ஆர்க் ஃபிட்டிங் போட்டு, குட்டிக் கோடுகளை ஜி02, ஜி03 வளைவுக் கட்டளையா எடுங்க. வரி பாதிக்கும் கீழே இறங்கலாம். மெமரி கார்டுல இருந்து ஓட்ட வழியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

ஃபேனக்ல ஜி05.1 கியூ1 கட்டளை போட்டா எல்லாத்தையும் அதுவே பாத்துக்காதா சார்? (பாலிடெக்னிக் மாணவர்)

அது முன்னாடி வர்ற வரிகளைப் படிச்சு, ஆக்சிஸ் குலுங்காம வேகத்தைக் குறைக்கும். பல்லு எவ்வளவு கடிக்குதுன்னு அதுக்குத் தெரியாது தம்பி. மேல சொன்ன 500-ஐ 100 ஆக்குற வேலை உங்களோடது.