ரிப்பேர்காரர் பதில்கள்: டிவியா, மானிட்டரா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகனுக்கு, கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டது என்கிறான். திரை மட்டும் பாக்கி. கையில் 22 ஆயிரம் இருக்கிறது. அந்தக் காசுக்கு 43 அங்குல 4கே டிவியே கிடைக்கிறது. அவனோ 27 அங்குல மானிட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை வாங்குவதில் என்ன நியாயம்?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மகன் சொல்வதுதான் சரி. கோபப்படாமல் மேலே படியுங்கள், நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான்.

சில வருடங்களுக்கு முன்பு என் கடை மேஜையில் ஒரு 43 அங்குல டிவியைத் தூக்கி வைத்தேன். மேஜையின் ஆழம் இரண்டடி. டிவியின் அகலமோ 95 சென்டிமீட்டர். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கித் திரைக்குக் கீழேயே உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். மூலையில் இருக்கும் மணியைப் பார்க்கக்கூடக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. சுடுகிற விளையாட்டுகளில் எவ்வளவு உயிர் மிச்சம், எத்தனை தோட்டா மிச்சம் என்பதெல்லாம் மூலையில்தான் வரும். இரண்டே வாரத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. டிவியை வீட்டு ஹாலுக்கு அனுப்பிவிட்டேன். 27 அங்குல மானிட்டரின் அகலம் 60 சென்டிமீட்டர்தான்; தலையை ஆட்டாமல் கண்ணாலேயே நாலு மூலையையும் பார்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் மகன் அடம்பிடிப்பதற்குக் காரணம் கழுத்தாக இருக்காது. ஹெர்ட்ஸாக இருக்கும். உங்கள் விலையில் வரும் டிவி அநேகமாக 60 ஹெர்ட்ஸ்தான். அதாவது நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும், ஒரு படம் சுமார் 17 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதுவே 7 மில்லிநொடி. சீரியல் பார்க்கிற கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. வாலரண்ட் என்ற சுடுகிற விளையாட்டை ஆடுகிற பையனுக்கு, சுவர் மறைவிலிருந்து எதிரி எட்டிப் பார்ப்பது முன்னதாகத் தெரிகிறதா, பின்னதாகத் தெரிகிறதா என்பது இதில்தான் இருக்கிறது. டிவிப் பெட்டியின் மேல் 'மோஷன் 120' என்று ஏதாவது அச்சடித்திருந்தால் நம்பிவிடாதீர்கள். நடுவே படங்களைத் தானாகச் செருகி வழவழப்பாகக் காட்டும் வித்தைக்கு அப்படிப் பெயர் வைத்துவிடுகிறார்கள். பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்தது கார்டு. கேமின் படத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து திரைக்கு அனுப்புவது அதுதான். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்ற அளவுள்ள மானிட்டரில் 37 லட்சம். 3060 கார்டு இந்த இரண்டாவது சுமையை இழுத்துவிடும். 4கே என்றால் புதிய கேம்களில் மூச்சு வாங்கும்.

எனவே 27 அங்குலம், 2560×1440, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை). இவ்வளவும் உங்கள் பணத்துக்குள் அடங்கும். மேலும் கீழும் நகர்கிற ஸ்டாண்ட் இருந்தால் ஐந்நூறோ ஆயிரமோ கூடப் போனாலும் வாங்குங்கள். இல்லையென்றால் தடிமனான பழைய கைடு ஒன்றை அடியில் வைத்து உயர்த்த வேண்டிவரும். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் தகர டப்பா சத்தம்தான். ஹெட்போனுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பெரிய டிவி திடீரென்று மலிவாகத் தெரிவதற்கு வரியும் ஒரு காரணம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 27 அங்குல மானிட்டருக்கு முன்பே 18தான், அதனால் அதன் விலையில் அந்தச் சலுகை தெரியாது.

கேள்வி: ஹாலில் இருக்கும் 55 அங்குல டிவியில் என் கணவர் கம்ப்யூட்டரை இணைத்து, சோபாவில் சாய்ந்தபடி கார் பந்தயம் ஆடுகிறார். திருப்பினால் கார் தாமதமாகத் திரும்புகிறதாம். எழுத்துகளின் ஓரத்திலும் கலர் கசிகிறது. மானிட்டர் வாங்க வேண்டும் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா. எட்டடி தூரத்தில் சோபா, கையில் கேம்பேட், ஓட்டுவது கார். இதற்கு டிவியை விட்டால் வேறு எது? ரிமோட்டை மட்டும் எடுங்கள்.

டிவிக்குப் படத்தை அழகுபடுத்தியே பழக்கம். வருகிற ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து, பொரிப்பொரியாகத் தெரிவதை நீக்கி, கலர் ஏற்றி, அப்புறம்தான் காட்டும். சினிமாவில் ஒலியையும் அதே அளவு தாமதித்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. கேம் ஆடுகிற கைக்குத் தெரிந்துவிடும். செட்டிங்ஸில் 'கேம் மோட்' போட்டால் இந்த அலங்காரமெல்லாம் நின்றுவிடும்.

எவ்வளவு குறைந்தது என்று பார்க்க ஆசையா? லேப்டாப்பை டிவியில் இணைத்து, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி வைத்து, மில்லிநொடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டும் தெரியும்படி போனில் ஏழெட்டுப் படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான், லேப்டாப் திரையைவிட டிவி பிந்துகிற நேரம். என் வீட்டு டிவியில் 90 ஆக இருந்தது, கேம் மோடில் 20க்குள் வந்தது. என் மனைவிக்கு இதைப் பெருமையாகக் காட்டினேன். "சீரியலுக்கு நேரமாச்சு" என்றாள்.

கலர் கசிவதற்குக் காரணம் வேறு. வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தை நம் கண் பிடிக்காது. அதை நம்பி, வீடியோவில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு ஒரே நிறத்தைப் பங்கு போட்டுவிடுவார்கள். பல டிவிகள் கம்ப்யூட்டர் படத்தையும் இப்படியே நடத்தும். முகம், மரம், வானம் என்றால் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'க்' என்று அடித்துப் பாருங்கள், மேலே உள்ள புள்ளி கரைந்து நிற்கும். இன்புட் பட்டியலில் கம்ப்யூட்டர் செருகியிருக்கும் ஹெச்டிஎம்ஐக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினால் பெரும்பாலான டிவிகளில் இது சரியாகிவிடும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் திரை அளவை 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று வையுங்கள்.

கேள்வி: ஒரு பெரிய டிவிக்குப் பதில் இரண்டு 24 அங்குல மானிட்டர் வாங்கிச் சேர்த்து வைத்தால் கேம் பெரிதாகத் தெரியுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: குறி பார்க்கிற இடம் திரையின் நட்டநடு. இரண்டு மானிட்டரைச் சேர்த்தால் சரியாக அங்கேதான் மானிட்டர்களின் ஓரச் சட்டம் வந்து விழும். கேமை ஒன்றில் ஆடுங்கள், மற்றதில் சாட், பாட்டு, அசைன்மென்ட். அந்த இரண்டாவதற்கு வீட்டில் இருக்கும் பழைய மானிட்டரே போதும். ஆனால் அதில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால், இப்போதைய கார்டுகளில் அந்த வாய் கிடையாது. சும்மா கேபிள் மாற்றினால் படம் வராது. உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.