நிலக்கரி மின் நிலையங்கள் இவ்வளவு ஏன் பெருகின? நகரிப் பக்கத்துத் தறிக்காரனின் பதில்

"வெயிலும் காற்றும் இவ்வளவு இருக்கும் நாட்டில் நிலக்கரி மின் நிலையங்களை ஏன் கட்டிக் குவித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மின்வெட்டைப் பார்க்காத வயது உங்களுக்கு, அல்லது மின்வெட்டைப் பார்க்காத ஊர் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் விசைத்தறி ஆறு இருந்தது. இப்போது இரண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் இருப்பது ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு தமிழ் பேசும் நெசவுக் கிராமம். எல்லைக்கு அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் என்பதால் இரண்டு மாநிலத்து மின்வெட்டு நேரமும் எங்களுக்கு மனப்பாடம். 2012இல் தமிழ்நாட்டில், சென்னையை விட்டு வெளியே வந்தால், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. இந்தப் பக்கம் தொழிற்கூடங்களுக்கு 'பவர் ஹாலிடே' என்று நாள் குறித்து நிறுத்தினார்கள்.

மின்சாரம் போனால் தறி நிற்கும், வந்தால் ஓடும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டத்தில் நிற்கும்போது, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா, பாவுக்கு (நீளவாக்கில் கட்டிய இழைகளுக்கு) நடுவே மாட்டிக்கொண்டால் இழைகள் கொத்தாக அறுந்துவிடும். அம்மா ஒரு கையில் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் தடவித் தடவி அறுந்த நுனிகளைக் கண்டுபிடிப்பார். பிறகு விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார். திரும்ப ஓட்டினால், தறி நின்ற இடத்தில் லுங்கியின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். வியாபாரி அந்தக் கோடுகளை எண்ணிக் கூலியில் பிடித்துக்கொள்வார். 2013 தை மாதம் நான்கு தறிகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டோம். வண்டியில் ஏற்றி முடிக்கும் வரை அப்பா வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது கணக்கு. 1947இல் நாடு முழுவதற்குமான மின் நிலையங்களின் திறன், அதாவது எல்லாம் முழு அளவில் ஓடினால் தரக்கூடியது, 1,362 மெகாவாட். அதில் நிலக்கரியும் டீசலும் சேர்ந்து 854. நெய்வேலியில் 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அலகு (மின்சாரம் எடுக்கும் ஒரு இயந்திரத் தொகுதி) 50 மெகாவாட்தான். இன்று நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணபட்டினத்தில் ஒரே அலகு 800 மெகாவாட். ஆனால் இது சீராக ஏறிய ஏற்றம் அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு அறுபது ஆண்டு கட்டியும் 2007 மார்ச்சில் நிலக்கரித் திறன் சுமார் 71,000 மெகாவாட்தான். 2012இல் 1,12,000. 2017இல் 1,92,000. அந்தக் கடைசி ஐந்தாண்டில் மட்டும் ஏறியது எண்பதாயிரம். அறுபது ஆண்டில் வந்ததைவிட அதிகம்! 2003 மின்சாரச் சட்டம் அனல் மின் நிலையம் கட்ட உரிமம் வேண்டாம் என்றது. தனியார் வந்தார்கள், வங்கிகள் கடன் கொடுத்தன. எங்களைப் போன்றவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

நான் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எழுத வேண்டாம். என் தங்கையை மீஞ்சூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறோம். கொடியில் காயும் வெள்ளை வேட்டியை உதறினால் கரித்தூள் பறப்பதை அங்கே பார்த்திருக்கிறேன். கொசஸ்தலை ஆற்றில் அனல் நிலையச் சாம்பல் கலந்து எண்ணூர் மீனவர்கள் படும் பாடும் தெரியும். கட்டியது எல்லாம் தேவைதான் என்றும் சொல்லமாட்டேன். 2007-08இல் அனல் நிலையங்கள் தம் திறனில் முக்கால் பங்குக்கு மேல் ஓடின. 2019-20இல் அது சுமார் 56 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அவசரத்தில் கட்டியதில் எத்தனையோ நிலையங்கள் கடனில் மூழ்கின. இன்னொன்று, தென் மாநிலங்களின் மின் கட்டமைப்பு (மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி வலை) நாட்டின் மற்ற கட்டமைப்புகளோடு ஒரே வலையாக ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான், கர்நாடகத்து ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூருக்கும் இடையிலான மின்பாதை வழியாக. அதற்கு முன் வடக்கே மின்சாரம் மிஞ்சினாலும் வேண்டிய அளவுக்கு இங்கே கொண்டுவரக் கம்பி போதாது. அந்தக் கம்பி இரண்டு ஆண்டு முன்னால் வந்திருந்தால் எங்கள் நான்கு தறியில் குறைந்தது இரண்டு தங்கியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சூரிய ஒளியைப் பற்றிக் கேட்டீர்கள். 2025இல் நாட்டின் மொத்தத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது என்று அரசு அறிவித்தது. உண்மைதான். ஆனால் உற்பத்தியாகும் யூனிட்டுகளை எண்ணினால் நிலக்கரி இன்னும் சுமார் எழுபது சதவீதம். திறன் வேறு, யூனிட் வேறு. மாலை ஆறரைக்கு வெயில் இறங்குகிறது. என் தறி இரவு பத்து வரை ஓடுகிறது. அந்த நேரத்துக்குச் சேமித்துக் கொடுக்கும் பேட்டரியும், தண்ணீரை மேலே ஏற்றிவைத்துப் பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களும் போதுமான அளவு வரும் வரை இதுதான் நிலைமை.

இவ்வளவும் தமிழில் எழுதுகிறேன், என் மகனுக்கு இதை வாசிக்கத் தெரியாது. அவன் பள்ளியில் சேர்ந்த வருடம் தமிழ்ப் பாடப்புத்தகம் வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. தமிழாசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மூன்று வருடம் காத்திருந்துவிட்டுத் தெலுங்குக்கு மாற்றினேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எல்லையில் இருப்பவனுக்கு மின்சாரமும் புத்தகமும் கடைசியில்தான் வந்து சேர்கின்றன.