கோலாலம்பூரில் எம்ஆர்டி, எல்ஆர்டி எல்லாம் வந்த பிறகும் ஜேம் ஏன் கூடிக்கொண்டே போகிறது?

ஈப்போவிலிருந்து வேலை மாற்றலாகி வரப்போவதாகச் சொல்லி, இத்தனை ரயில் ஓடியும் நெரிசல் ஏன் குறையவில்லை, புறநகர்ப் பகுதியான பூச்சோங் பக்கம் வீடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பூச்சோங்கில்தான் பல வருடமாக இருக்கிறேன். வேலை நகர மையத்தில், மஸ்ஜித் ஜாமிக் பக்கம். காரிலும் போயிருக்கிறேன், ரயிலிலும் போகிறேன்.

என்னைக் கேட்டால், ரயில் போதவில்லை என்பதைவிட ரயிலடிக்கு நடந்து போக வழியில்லை என்பதுதான் முதல் காரணம். எங்கள் வீட்டையே சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தால் எல்ஆர்டி நிலையத்தின் கூரை தெரியும். நேராக அளந்தால் 700 மீட்டர்கூட இருக்காது. நடந்தால் 1.8 கிலோமீட்டர். பக்கத்துத் தாமானை, அதாவது குடியிருப்பை, சுற்றி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அங்கே காவலரை உட்கார வைத்திருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் மழைநீர்க் கால்வாய், ஆள் ஆழம். குறுக்கே ஒரு பலகை கிடையாது. அதனால் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வர வேண்டும். அங்கே நடைபாதை கொஞ்ச தூரம் இருக்கும், அப்புறம் ஒரு டயர் கடைக்கு முன்னால் காணாமல் போய்விடும். கடைக்கு வரும் கார்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. அடுத்தது நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு. சமிக்ஞை விளக்கும் இல்லை, தரையில் வெள்ளைக் கோடும் இல்லை. கார்கள் வேகமெடுக்கிற இடம் அது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஓடித்தான் கடக்க வேண்டும். அதற்குப் பிறகு நடைபாலம், 48 படி. நான் எண்ணியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது முதுகு நனைந்திருக்கும். ரயிலுக்குள் குளிர்சாதனம் முகத்தில் அடிக்கும்.

எனக்குக் கால் நன்றாக இருக்கிறது, நடக்கிறேன். எங்கள் வரிசையில் 22 வீடுகள். நான் அறிந்தவரை ரயிலுக்கு நடப்பது மூன்று பேர்தான். மற்ற வீடுகளில் ஆளுக்கொரு கார். பையன் கல்லூரிக்குப் போனதும் முதலில் வாங்கித் தருவது பழைய மைவி கார். யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த வழியில் பிள்ளையை நடக்கவிட எந்த அம்மாவுக்கு மனது வரும்?

ரயில்கள் இல்லாமல் இல்லை. கொமுட்டர் என்ற புறநகர் ரயில் 1995இல் வந்தது, முதல் எல்ஆர்டி 1996இல், கிளானா ஜெயா பாதை 1998இல். 2016இல் இரண்டு எல்ஆர்டி பாதைகளையும் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டினார்கள். பூச்சோங்குக்கு ரயில் வந்தது அப்போதுதான். காஜாங் எம்ஆர்டி 2017இல் முழுமையாகத் திறந்தது. புத்ராஜெயா எம்ஆர்டி 2023 மார்ச்சில், 57.7 கிலோமீட்டர். மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஓர் அட்டை எடுத்தால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்து என்று எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். காரில் போன காலத்தில் எனக்கு டோலும் பார்க்கிங்கும் மட்டுமே நாளுக்கு 20 வெள்ளியைத் தாண்டும். நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் பேருந்து 1 வெள்ளிதான். ஆனால் அந்தப் பேருந்துக்குத் தனிப் பாதை கிடையாது. கார்களோடு கார்களாக அதே ஜேமில் நிற்கும். பத்து நிமிடத்தில் வர வேண்டியது அரை மணி நேரம் கழித்து வந்தால், இரண்டாவது வாரமே ஆள் காருக்குத் திரும்பிவிடுவார். என் அலுவலகத்தில் அப்படித் திரும்பியவர்கள் நான்கு பேர்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். பூச்சோங்கின் முதுகெலும்பு எல்டிபி, அதாவது டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை. 1999இல் திறந்தபோது சன்வேக்கு இருபது நிமிடத்தில் போய்விடுவோம். வீட்டு விளம்பரப் பலகைகளில் எல்லாம் அந்த இருபது நிமிடத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். அதை நம்பி நாங்களும் வாங்கினோம், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வாங்கினார்கள். ரோடு திறந்ததால் வீடுகள் வந்தன, வீட்டுக்கு இரண்டு கார் வந்தது, ரோடு நிரம்பியது. பிறகு இன்னொரு ரோடு கேட்டோம். ஸ்பிரிண்ட், என்பிஇ, மெக்ஸ், டியூக் என்று நெடுஞ்சாலைகளை வரிசையாகப் போட்டார்கள். 2022இல்கூட சூக், டாஷ் என்று இரண்டு மேம்பால நெடுஞ்சாலைகள் திறந்தன. ஒவ்வொன்றும் திறந்த புதிதில் காற்று வாங்கும், சில வருடத்தில் வெளியேறும் வாயிலில் வரிசை நிற்கும். நெடுஞ்சாலை எத்தனை அகலமாக இருந்தாலும், எல்லாரும் இறங்கப் போவது நகருக்குள் இருக்கும் அதே ஜாலான் துன் ரசாக், அதே ஜாலான் சுல்தான் இஸ்மாயில்தானே. பெட்டாலிங் ஜெயா மக்கள் இதைப் புரிந்துகொண்டுதான் பிஜேடி லிங்க் மேம்பாலச் சாலையை விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் சிலாங்கூர் அரசு அதைக் கைவிட்டது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

இந்த ஊர்கள் எதன்மேல் எழுந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டம். பண்டார் கின்ராரா, கின்ராரா தோட்டம். புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். நம் ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நிலங்கள் இவை. நான் பிறந்ததும் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை, மருந்தகம், பந்து விளையாடும் திடல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன. என் தந்தை வாழ்நாள் முழுக்க மிதிவண்டியில்தான் வேலைக்குப் போனார். தோட்ட வாழ்க்கை இனிமையானது என்று சொல்ல வரவில்லை. கூலி சொற்பம், வீடு சொந்தமில்லை, வெளியேறு என்றால் வெளியேற வேண்டியதுதான். ஆனால் தோட்டத்தை அழித்துத் தாமான் கட்டியவர்கள் வீடுகளை மட்டும் வரிசை வரிசையாகக் கட்டினார்கள். கடை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம். எதற்கு எடுத்தாலும் கார் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. தோட்டம் மறைந்ததும் மக்கள் பத்துத் திசையில் சிதறிப்போனார்கள். பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்றால் பக்கத்தில் உள்ள தேசியப் பள்ளியைத் தாண்டி எட்டு, பத்து கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளி வேனோ அப்பாவின் காரோ ஆறு மணிக்கே கிளம்பிவிடும். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள், ஆறு வருடமும் காரில்தான் பசியாறினார்கள். காலை நெரிசலில் பள்ளிக் கார்கள் எத்தனை என்பது பள்ளி விடுமுறை வாரத்தில் தெரியும். அந்த வாரம் ரோடு அப்படி ஓடும்.

காசு விஷயம் சுருக்கமாக. பெட்ரோலுக்கு மானியம் உண்டு. 2021இலிருந்து ரோன் 95 ரகப் பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு, 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசு. கார் கடனை ஒன்பது வருடம் வரை கட்டலாம். 1985இல் புரோட்டோன் சாகா வந்ததிலிருந்து சொந்தக் கார் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கனவாகவும் நாட்டின் தொழிலாகவும் சேர்ந்தே வளர்ந்தது. 2024இல் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் புதிய வாகனங்கள் விற்றன. பொதுப் போக்குவரத்து என்று பார்த்தால், நகருக்குள் 1975இலிருந்து ஓடிய பிங்க் நிற மினி பஸ்களை 1998இல் நிறுத்திவிட்டார்கள். தாறுமாறாக ஓட்டுவார்கள், உண்மைதான். ஆனால் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வரும், ஐந்து நிமிடத்தில் அடுத்தது வந்து நிற்கும்.

நான் காரை விட்டதற்குக் காரணம் ஒரு மழை நாள். மூன்று வருடத்துக்கு முன்பு. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மாலை ஆறரைக்கு முடியும், நான் வேலையிலிருந்து வரும் வழியில் ஏற்றிக்கொள்வேன். அன்றைக்கு ஐந்து மணிக்கு வானம் பிளந்ததுபோல் கொட்டியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். பாவம், வேறு எங்கே போவார்கள்? ஒரு தடம் அடைபட்டது. எங்கோ ஒரு லோரி பழுதாகி நின்றது. ஆறரை ஆனது, ஏழு ஆனது, ஏழே முக்கால் ஆனது. வழிகாட்டும் வேஸ் செயலி சிவப்பாகவே காட்டியது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மெதுவா வாம்மா. நான் எங்க போகப் போறேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. டயாலிசிஸ் நிலையம் பூட்டியிருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். ஊசி போட்ட கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார் அம்மா. தே ஓவைக் குடிக்கவில்லை; டயாலிசிஸ் ஆட்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். ஆறிப்போய் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அடுத்த மாதத்திலிருந்து ரயில். மஸ்ஜித் ஜாமிக்கிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், சுற்றித்தான் வரும். ஆனால் மழை பெய்தாலும் அதே நேரம்தான் ஆகும். அம்மாவிடம் எத்தனை மணிக்கு வருவேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. ரயில் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்து அம்மாவை ஏற்றிக்கொள்கிறேன்.

நம் மக்கள் காரை விடமாட்டார்கள் என்று சொல்பவர்களைப் பத்துமலைக்கு வந்து பார்க்கச் சொல்வேன். தைப்பூசத்துக்குக் கொமுட்டர் விடிய விடிய ஓடும். அடிவாரத்திலேயே நிலையம், 2010இல் திறந்தது. காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். பால்குடம் எடுக்கும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை அன்றைக்கு ரயிலில்தான் வருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் ரயில் இருக்கிறது, இறங்கினால் வாசல் இருக்கிறது. அவ்வளவுதான் வேண்டும். ஆனால் கிள்ளானிலிருந்து வரும் என் தோழி சாதாரண வேலை நாளில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் மேடையில் நிற்கிறாள்.

நகருக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைக்கலாம் என்று அவ்வப்போது பேச்சு வரும். சிங்கப்பூர் 1975லேயே வைத்தது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எங்கள் வேலியில் ஒரு வாசல் திறக்காமல், கால்வாயின் குறுக்கே ஒரு சிறு பாலம் போடாமல் அதை வைத்தால், அடிபடுவது இரவு வேலைக்குப் போகும் தாதியும் துப்புரவுத் தொழிலாளியும்தான். அந்த வாசலுக்காக இரண்டு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்துத் தாமான்காரர்கள் திருட்டுப் பயம் என்கிறார்கள். அந்தப் பயமும் பொய்யில்லை; உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். காலை ஆறு முதல் இரவு பத்து வரை திறக்கலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயம். பூச்சோங் நல்ல ஊர். கோயில் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, சாப்பாடு நன்றாக இருக்கும். ‘எல்ஆர்டிக்கு 500 மீட்டர்’ என்று முகவர் சொன்னால் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ஒரு வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு, முடிந்தால் மழை பெய்யும்போது, நிலையத்தில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். உங்கள் அம்மாவையோ மாமியாரையோ கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. வழியில் பின்வாசல் ஏதாவது இருந்தால், அது எத்தனை மணிக்குப் பூட்டப்படும், சாவி யாரிடம் இருக்கும் என்று காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.