திருவாதவூர் வழியாக பாங்காக்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மேலூர்க்காரன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் நானும் மனைவியும் டூர் பேக்கேஜில் மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தோம். பஸ்ஸில் ஏறினோம், இறங்கினோம், போட்டோ எடுத்தோம். எங்கே போனாலும் சாம்பார் சாதம் போட்டார்கள். ஊருக்கு வந்ததும் பேத்தி, 'அங்க இருக்கிற ஆளுங்க எப்படி இருப்பாங்க தாத்தா?' என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வருகிற ஜனவரியில் பாங்காக் போகிறோம். மகன் அங்கே வேலையில் இருக்கிறான். எட்டு நாள். பகலில் அவன் ஆபீஸ் போய்விடுவான், நாங்கள் இருவர்தான். தாய் மொழி தெரியாது (தாய்லாந்து மொழியைச் சொல்கிறேன்). ஆங்கிலம் திக்கித் திணறி வரும். ஒரு நாட்டின் பண்பாட்டையும் வரலாற்றையும் எட்டு நாளில் தெரிந்துகொள்ள முடியுமா? என்ன படித்துவிட்டுப் போகலாம்? பாங்காக் என்றாலே கடைத்தெருவில் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள், அது வேறு.

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கிறவர்களிடம் மனைவியோடு போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் அனுதாபப்படுவார்கள்.

படிப்பது இருக்கட்டும். முதலில் டவுன்பஸ் ஏறித் திருவாதவூர் போய்விட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் செய்யாமல் விட்டு அவமானப்பட்ட காரியம் அது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் பாங்காக் போயிருந்தேன். பழைய நகரத்தில் வாட் சுதாத் என்ற பெரிய புத்தர் கோயிலுக்கு எதிரே, நடுரோட்டில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள் நிற்கும். இருபது மீட்டருக்கும் மேல் உயரம். கார்களும் மூன்று சக்கர டுக்டுக்குகளும் அதைச் சுற்றிக்கொண்டு போகும். 'ஸாவ் சிங்சா', அதாவது ஊஞ்சல் தூண். பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற சின்ன பிராமணக் கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் அங்கே இடம் உண்டு. அங்கே நடக்கும் விழாவுக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். மாணிக்கவாசகரின் திருவெம்பாவைதான் தேய்ந்து அப்படி ஆயிற்று என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் இருந்த ஓர் இளைஞரிடம், இந்தப் பாட்டைப் பாடியவர் எங்கள் ஊர்க்காரர், எங்களிடமிருந்து வந்ததுதான் இது என்று அளந்தேன். அவர் கைகூப்பிக் கேட்டுவிட்டு, 'அப்படியா, அவர் ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள்?' என்றார். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி அலறும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மதுரையில் இத்தனை வருடம் இருந்தும் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூருக்கு நான் போனதே இல்லை. புட்டுத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டதோடு சரி.

இன்னொரு தவறும் அங்கேயே செய்தேன். 'எங்களிடமிருந்து வந்தது' என்று சொன்னதோடு அந்த ஊஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். நம் ஆட்கள் வெளிநாடு போனால் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். ஒரு தமிழ்ச் சொல் காதில் விழுந்தால் போதும், அந்த நாடே நம் கிளைக் கடை ஆகிவிடும்.

உண்மையில் சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். நம் மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளக்கரையில் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறதல்லவா, வெள்ளிக்கிழமை மாலையில் அம்மனும் சுவாமியும் அதில் மெல்ல ஆடுவார்கள். மாணிக்கவாசகரே பொன்னூசல் பாடியிருக்கிறார். பாங்காக்கில் ஆடியது சாமி இல்லை, மனிதர்கள். அந்த உயரத்தில் வீசி ஆடி, மூங்கில் கழி உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுக்க வேண்டும். சிவன் பூமிக்கு வந்து, உலகம் உறுதியாக நிற்கிறதா என்று பார்க்கும் சடங்கு அது. சிவனுக்குப் பதிலாக ஒரு பிரபு ஒற்றைக் காலில் நிற்பார்.

பௌத்த ராஜாவுக்குச் சிவன் ஊஞ்சல் எதற்கு? 1767-இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது. நானூறு வருடத் தலைநகர். 1782-இல் முதலாம் ராமா பாங்காக்கில் புதுத் தலைநகரம் கட்ட ஆரம்பித்தார், 1784-இல் தேவஸ்தானும் ஊஞ்சலும் வந்தன. பழைய அரசு செத்துப் போகவில்லை, அதே சடங்கு, அதே முறை என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1932-இல் மன்னரின் முழு அதிகாரம் போயிற்று. 1935-க்குப் பிறகு ஊஞ்சலில் யாரும் ஆடவில்லை. கோயிலுக்குள் பூஜை மட்டும் தொடர்கிறது. அந்த இரண்டு தூண்களைப் பிடித்துக்கொண்டால் அந்த நாட்டின் இருநூறு வருடக் கதை கையில் வரும். நாற்பது இடம் பார்க்க வேண்டியதில்லை. ரயிலில் சாதாரண வகுப்பில் அயுத்தயா மட்டும் ஒரு நாள் போய் வாருங்கள், இடிந்ததையும் பார்த்தால்தான் கட்டியது புரியும்.

எமரால்டு புத்தர் கோயில் சுவர்களில் அவர்களுடைய ராமாயணம் 178 ஓவியங்களாக ஓடுகிறது. அனுமன் அங்கே பிரம்மச்சாரி இல்லை. கடல்கன்னியோடு காதல், பிள்ளை எல்லாம் உண்டு. தயவுசெய்து யாரிடமும் 'அது தப்பு' என்று சொல்லாதீர்கள்.

மொழி தெரியாதே என்றீர்கள். ஊஞ்சலிலிருந்து கிளம்பும் பம்ருங் மூவாங் சாலையில் வரிசையாகப் புத்தர் சிலைக் கடைகள். ஆளுயரப் பொன்னிறப் புத்தர்கள் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கடையில் சைகையிலும் உடைந்த ஆங்கிலத்திலும் விலை கேட்டேன். கடைக்கார அம்மா விலையைச் சொல்லிவிட்டு, ஆனால் 'வாங்குவது' என்று நாங்கள் சொல்வதில்லை, 'வாடகைக்கு எடுப்பது' என்போம் என்றார். புத்தரை விலை பேச முடியாதல்லவா. எனக்குச் சட்டென்று என் அம்மா நினைவு வந்தது. விளக்கை அணை என்று சொல்லவிட மாட்டார், குளிர வை என்பார். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன், பாதி கையால்தான். புரிந்ததோ இல்லையோ, ஸ்டூலை இழுத்துப் போட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஸ்டூலில்தான். உங்கள் பேத்தி கேட்ட கேள்விக்கும் அப்படி ஒரு ஸ்டூலில்தான் பதில் இருக்கும்.

சீலோம் பகுதி மாரியம்மன் கோயிலை மட்டும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே போனால் மேலூர் வந்துவிடும், அப்புறம் வெளியே வர மனசு வராது.

நீங்கள் போவது ஜனவரி என்பதால் ஒரு வேலை தருகிறேன். திரியம்பவாய் அந்தச் சமயத்தை ஒட்டித்தான் வரும், மகனைத் தேதி விசாரிக்கச் சொல்லுங்கள். நான் போனது ஆகஸ்ட் என்பதால் அங்கே ஓதுவதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. தேவஸ்தானில் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். நூற்றாண்டுகளாக வாய்மாறி வந்ததில் தமிழ் ஒலி உருத்தெரியாமல் இருக்கலாம். காதில் எப்படி விழுகிறதோ அப்படியே, திருத்தாமல், நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள்.