செவிச்சேயில் அடுப்பே இல்லாமல் மீன் எப்படி ‘வேகிறது’?

செவிச்சே பெரு நாட்டுக் கடலோர உணவு. பச்சை மீனைத் துண்டு போட்டு உப்பு, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய், மல்லித்தழை சேர்த்துப் பிசறி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

சூடு படாமலே மீன் வெள்ளையாகி இறுகுவதற்குக் காரணம் சாற்றின் புளிப்புதான். மீன் சதையில் சுருண்டு மடிந்து கிடக்கும் புரதம் புளிப்பு பட்டதும் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நடுவில் இருக்கும் நீர் வெளியே வரும். கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

வீட்டில் செய்தால் 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி முதலில் உப்பைப் போடுங்கள், அப்புறம் சாறு. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், எனக்கு அது பிடிக்காது. இறாலை மட்டும் முன்பே வெந்நீரில் வேகவைத்துக்கொள்வது நல்லது.

எலுமிச்சையில் ஊறினால் கிருமி, புழு எல்லாம் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை: புழுவுக்கு மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும், பாக்டீரியாவுக்கு அதுவும் போதாது, அதனால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இதைத் தொடவே வேண்டாம்.