மசகு எண்ணெய் வாங்குவோர் கேட்டவை

கேள்வி: எங்கள் எலிவேட்டர் கியர் பாக்ஸின் தகட்டில் "வி.ஜி. 220" என்று இருக்கிறது. கடைக்காரர் "90 நம்பர்" ஆயில் போதும் என்கிறார். நம்பலாமா?
– அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி

பதில்: இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 220 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெய்க்கு இருக்க வேண்டிய பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையை, சென்டிஸ்டோக் என்ற அலகில் குறிக்கிறது. 90 என்பது வாகனக் கியர் எண்ணெய்க்கான எண். பாகுத்தன்மையில் இரண்டும் நெருங்கி வருவதால் கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யன்று. ஆனால் வாகன எண்ணெயில், குறிப்பாக ஜி.எல். 5 வகையில், சேர்க்கப்படும் கந்தகப் பொருள்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடியவை. உங்களுடையது வெண்கலப் பல்சக்கரத்தைத் திருகு போன்ற தண்டு சுழற்றும் வார்ம் கியர் என்றால், சில பருவங்களில் பற்கள் தேய்ந்துவிடும். தொழிற்சாலைக் கியர் எண்ணெய் 220 என்றே கேளுங்கள். வார்ம் கியருக்கு ஏற்றதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போர்வெல்லில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குள் எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: தண்ணீர் நிரப்பும் வகை என்றால் எந்த எண்ணெயும் கூடாது, சுத்தமான தண்ணீர் மட்டுமே.

கேள்வி: பீப்பாயில் மீதமிருந்த ஹைட்ராலிக் ஆயிலை அறுவடை இயந்திரத்தில் ஊற்றினோம். இப்போது பால்போல் வெளுத்துவிட்டது. மட்டமான சரக்கா?
– பாபநாசம் வாசகர்

பதில்: சரக்கைக் குறை சொல்வதற்கு முன் பீப்பாய் எங்கே நின்றது என்று பாருங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை என்று எந்தப் பக்கம் போனாலும், ஆலை முற்றத்தில் திறந்த வானத்தின் கீழ் நிமிர்த்தி வைத்த 210 லிட்டர் பீப்பாய்களைக் காண்கிறேன். காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி வழியே வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீப்பாய் சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மேல்விளிம்புக்குள் தேங்கிய மழைநீரை அதே மூடி வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இது நடக்கும். பீப்பாயைக் கூரைக்குள் வையுங்கள். வழியில்லை என்றால் மரக்கட்டைகள் மீது படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் இருக்கும்படி திருப்புங்கள். உள்ளே எண்ணெய் மூடிகளை நனைத்துக்கொண்டிருக்கும் வரை நீர் புக இடமில்லை. ஐயம் இருந்தால், ஊற்றுவதற்கு முன் சூடான தகட்டில் ஒரு துளி விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் உள்ளதை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றாமல் வயலில் இறக்காதீர்கள், பம்ப் போய்விடும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் வடிகட்டிய பழைய என்ஜின் ஆயிலைப் பாதி விலைக்கு, ரசீது இல்லாமல் வாங்கி பேரிங்குகளுக்கு விட்டேன். இரண்டு பேரிங் போய்விட்டன. யாரிடம் முறையிடுவது?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: துணியில் வடிகட்டினால் மண் போகும், அமிலம் போகாது. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே போக வேண்டியது. ரசீதும் இல்லை. முறையிட என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: ஒரே ஒரு அறுவடை இயந்திரம்தான் என் பிழைப்பு. பெயர் பெற்ற கம்பெனியின் டப்பாவில் போலி எண்ணெய் விற்றுவிட்டார்கள். ரசீது இருக்கிறது. "தொழிலுக்கு வாங்கியவருக்கு நுகர்வோர் வழக்கு கிடையாது" என்று கடையில் விரட்டுகிறார்கள்.
– கும்பகோணம் வாசகர்

பதில்: அவர்கள் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே பொருள் வாங்குபவரையும் நுகர்வோராகவே கருதுகிறது. தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் அழைத்துப் பதிவு செய்யுங்கள். மீதி எண்ணெயை அதே டப்பாவில் மூடி பத்திரப்படுத்துங்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். எனக்கும் ஒரு கடையில் சீல் மாற்றி ஒட்டிய கம்ப்ரசர் எண்ணெயை விற்றார்கள். ஏமாற்றப்பட்டவரையே குற்றவாளியாக நிறுத்தும் அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். தயங்காமல் போங்கள்.

கேள்வி: மரச்செக்கின் மேல் பேரிங்கிலிருந்து கிரீஸ் எண்ணெயில் சொட்டுகிறது. ஆபத்தா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஆபத்துதான். கிரீஸ் விழுந்த எண்ணெயை விற்காதீர்கள். உணவைத் தொட நேரும் இடங்களுக்கென்றே "எச் 1" என்று குறியிட்ட கிரீஸ் கிடைக்கிறது. பழையதை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே அதை வையுங்கள். இரு வகை கிரீஸ்கள் கலந்தால் இளகி ஒழுகக்கூடும். பேரிங்கின் வெற்றிடத்தில் பாதிக்கு மேல் திணிக்காதீர்கள். சீலையும் மாற்றுங்கள்.