ஆடாத கோடு

அன்புள்ள ஐயா,

நட்சத்திரங்களுக்கு நடுவே வாயு மேகங்கள் மிதப்பதாக எழுதியிருந்தீர்கள். கண்ணுக்கே தெரியாத மேகத்தை எப்படி அளக்கிறார்கள்? எல்லாம் ஊகம்தானே? நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். வானியல் ஆராய்ச்சிக்குப் போகலாமா, ஆசிரியர் தேர்வான டி.எஸ்.சி. எழுதி வாத்தியார் ஆகலாமா என்று குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகர், பலமநேர்

அன்புள்ள தம்பி,

டி.எஸ்.சி.யா ஆராய்ச்சியா என்பதை வீட்டு நிலைமை பார்த்து முடிவு செய்யுங்கள். எனக்குக் கோபம் வந்தது ‘ஊகம்தானே’ என்ற சொல்லில். இயற்பியல் படித்தவர் இப்படி லேசாகக் கேட்கலாமா?

என் அப்பா குப்பத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். இரவில் கைவிளக்கோடு தண்டவாளத்தோரம் நடந்து வருவார். அம்மாவும் நானும் ஜன்னலில் காத்திருப்போம். நடைக்கு ஏற்ப விளக்கு ஆடும். கிட்டே வர வர, விளக்குக் கண்ணாடியில் படிந்த கரியும் சேர்ந்து ஆடுவது தெரியும். எங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சுண்ணாம்புக் கறை உண்டு. அது மட்டும் ஆடாது. அந்தக் கறை யாருடையது என்று ஆறு வயதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1904இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹார்ட்மன் என்ற வானியலாளர் பார்த்ததும் இதைத்தான். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் ஒன்று மிண்டாகா. அதில் நெருங்கிய நட்சத்திர இணை ஒன்று 5.7 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகிறது. ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில், வாயு உறிஞ்சிய நிறங்கள் கருங்கோடுகளாகத் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். கோடுகள் அப்படித்தான் ஆடின. கால்சியத்தின் ஒரு கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கருவியின் பிழை என்று தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. ஆடும் நட்சத்திரத்தில் ஆடாத கோடு எப்படி இருக்கும்? வழியில் கால்சிய வாயு இருக்கிறது என்றார். இது ஊகமா, தம்பி? அளந்து, மறுபடி அளந்து, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த இடம்.

பக்கத்து நட்சத்திரங்களில் இன்னும் கஷ்டம். ஒளி வரும் தூரம் குறைவு, வழியில் வாயுவும் குறைவு. சூரியனைச் சூழ்ந்த மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுகூடத் தேறாது. அதனால்தான் ஹப்பிள் தொலைநோக்கி கொண்டு புற ஊதாவில் மெக்னீசியம், இரும்புக் கோடுகளைத் தேடினார்கள். ஒரே திசையில் இரண்டு நட்சத்திரங்கள். தொலைவில் உள்ளதில் கோடு இருந்து, கிட்டே உள்ளதில் இல்லையென்றால் மேகம் இரண்டுக்கும் நடுவே.

மார்கழியில் முன்னிரவில் கிழக்கே பாருங்கள். ஓரியனின் இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். மேலே இருப்பது மிண்டாகா.